ராஜாவின் ஆயுளைக் கழுவியவள்

சீனத்துக் கப்பல்கள் நம் கரைக்கு வந்துபோன முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்குத் தேநீர்ப் பைத்தியம் பிடித்தது. அதைக் கேள்விப்பட்ட சீன வணிகர் ஒருவர் பழைய கெண்டி ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். கல்லைப்போல் இறுகச் சுட்ட செம்மண் கெண்டி. அதன் வயிற்றைச் சுற்றிச் செதுக்கிய ஐந்து வௌவால்கள் பறந்தன. மூடியின் குமிழ் பீச் பழ வடிவம்.

"எங்கள் நாட்டில் வௌவால் என்றால் பாக்கியம். இந்தப் பழம் என்றால் நீண்ட ஆயுள். நூறு வருஷத் தேநீர் இதற்குள் ஊறியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் கப்பலேறினார்.

ராஜா அன்றே அதில் குடித்துப் பார்த்துச் சொக்கிப்போனார். மாலையில் கெண்டி சமையற்கட்டுக்கு வந்தது. பாத்திரம் தேய்க்கும் வேலாச்சி மூடியைத் திறந்தாள். உள்ளே கன்னங்கரேல் என்று கறை. ராஜா குடிக்கிற பாத்திரத்தையா இப்படி வைத்திருப்பார்கள்! புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தாள். உள்ளே செம்மண் பளிச்சென்று தெரிந்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை ராஜா ஒரு வாய் குடித்தார். ரசம்போல் புளித்தது. வேலாச்சியைக் கையைக் கட்டிச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

அவளை அரண்மனையில் சேர்த்துவிட்டவன் அரசவை விகடகவி கூத்தபிரான். அவனுக்கு ராஜாவிடம் இருந்த செல்வாக்கைப் பார்த்து அமைச்சர் விசயநாதருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். அவர் எழுந்தார்.

"மன்னர்மன்னா! அது கறையல்ல, வணிகர் சொன்ன நீண்ட ஆயுள், தங்கள் ஆயுள். இவள் அதைச் சுரண்டிக் கழுவிக் கொட்டிவிட்டாள். இது ராஜத் துரோகம். இவள் தலையை வாங்க வேண்டும். சேர்த்துவிட்டவனை நாடு கடத்த வேண்டும்."

ராஜாவுக்கு உயிர்ப் பயம் வந்துவிட்டது. "கூத்தபிரான்! பொழுது சாய்வதற்குள் என் ஆயுள் இந்தக் கெண்டிக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் அமைச்சர் சொன்னபடியே நடக்கும்."

கூத்தபிரான் வேலாச்சியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏ வேலாச்சி, கழுவுன தண்ணிய எங்க ஊத்துன?"

"வாழைக்குத்தான் அண்ணே. தண்ணிய வீணாக்குவாங்களா?"

"எந்த வாழைக்கு?"

"கிணத்தடி மொந்தனுக்கு. என் தலையே போகப்போவுது, நீங்க வாழையைப் பத்திக் கேக்குறீங்களே!"

அவன் கெண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனான். திரும்பி வந்து, ராஜாவின் வெள்ளிக் கிண்ணத்தில் அதைக் கவிழ்த்தான். சாம்பல் கலந்த சேறு கொழகொழவென்று விழுந்தது. கூடவே ஒரு மண்புழு.

"மன்னா, அமைச்சர் வாக்குப்படி தங்கள் ஆயுள் கழுவிய தண்ணீரோடு போயிற்று. தண்ணீர் வாழையடிக்குப் போயிற்று. ஒரு துளி விடாமல் வழித்துவந்துவிட்டேன். பருகியருள வேண்டும்."

"இதையா?" ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தயக்கம் இருந்தால் அமைச்சர் முதலில் ருசி பார்க்கட்டும். ஆயுளை அடையாளம் கண்டவர் அவர்தானே?"

"ஆம், பாரும்" என்றார் ராஜா.

கிண்ணம் விசயநாதர் கைக்கு வந்தது. புழு தலையைத் தூக்கியது.

"இது... இது வெறும் சேறு!"

"மன்னரின் ஆயுளையா சேறு என்கிறீர்கள், சுவாமி? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஆயுள் என்றால் ஒரு மடக்குக் குடித்துக் காட்டுங்கள்."

அமைச்சர் கிண்ணத்தை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார். "சேறுதான்! ஆயுள் எங்கேயாவது பாத்திரத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமா?"

"அப்படியானால் வேலாச்சி கொட்டியதும் வெறும் அழுக்குத் தண்ணீர்தான், மன்னா."

ராஜா கிண்ணத்தையும் அமைச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிரீடம் நழுவச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டு, "வேறென்ன வேண்டும், கேள்!" என்றார்.

"காலையிலிருந்து சமையற்கட்டில் ஒரு பாத்திரமும் துலக்கவில்லை, மன்னா. இவள் கட்டை அவிழ்த்தால் எல்லோரும் சாப்பிடலாம்."

கட்டை அவிழ்த்தார்கள். வேலாச்சி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அமைச்சரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"குடிக்கலேன்னா கிண்ணத்தைக் குடுங்க சாமி, கழுவணும்."

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.