மூன்று நாள் நீராடாத அடியார்

நெடுவயல் அரசனின் குதிரை லாயத்தில் லத்தி அள்ளியவர் ஐயாறனார். பன்னிரண்டு குதிரைகள். கூட்டிப் பெருக்கி முடித்ததும் குளத்தில் மூழ்குவார். துவைத்த வேட்டி உடுத்துவார். தனித்துணை நாதர் கோயில் வாசலில் போய் நிற்பார். உள்ளே போக மாட்டார். லத்தி அள்ளும் கை என்று எப்போதோ யாரோ சொன்னதை அவர் மறுக்கவில்லை. வாசலிலிருந்து பார்த்தால் ஒரு விளக்கும் அதன் பின்னே ஒரு கருமையும் தெரியும். அது போதும். அங்கே வாங்கிய திருநீற்றை மடியில் முடிந்து வந்து ஒவ்வொரு குதிரையின் நெற்றியிலும் இடுவார்.

முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் தவறவில்லை.

"குதிரைங்களை எல்லாம் சைவமாக்கிட்டாரு. இனி நாமதான் பாக்கி" என்பான் குதிரைக்காரன் காளத்தி.

"அதுங்க எப்பவும் சைவந்தானேப்பா. புல்லுதானே திங்குது" என்பார் ஐயாறனார்.

ஒரு மாசியில் கடல் கடந்து ஒரு பெண்குதிரை வந்தது. அதனுடன் கப்பலேறிய எட்டுக் குதிரைகளும் வழியில் இறந்துவிட்டன. சாம்பல் நிறம், நீண்ட கால்கள். அதைப் பார்க்க ஊரே கூடியது. ஐயாறனார் அதைப் பார்க்கவில்லை. பழைய பன்னிரண்டும் அதை எப்படிப் பார்க்கின்றன என்று பார்த்தார்.

அவை காதுகளை முன்னே நிமிர்த்தின. கூட்டத்தை நடத்துகிற மூத்த குதிரை கரியாள் முன்னே வந்து முகர்ந்தது. உடனே திரும்பி உதைத்தது. மற்றவை துரத்தின.

தனியே கட்டினால் புதியது தீனியைத் தொடவில்லை. கொள்ளு வேகவைத்து நீட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்றவை மேயும் திசையையே பார்த்து நின்றது. எட்டாம் நாள் விலா எலும்புகள் தெரிந்தன.

லாய அதிகாரி மழவராயர் வந்து பார்த்தார். "குதிரை ஒத்தையா வாழாது, ஐயாறரே. கூட்டம் சேக்கலேன்னா இது செத்துப்போகும்."

"சேக்குமுங்க."

"எப்படி?"

"அதான் தெரியலே. பாத்துக்கிட்டிருக்கேன்."

புதிதாக அடியாராகிறவரை நீராட்டித்தான் நீறு இடுவார்கள். அந்நிய மண்ணிலிருந்து வந்ததற்கும் அதுவே முறை என்று ஐயாறனார் நினைத்தார். நாள்தோறும் அதைக் குளத்தில் தேய்த்துக் குளிப்பாட்டினார். தாமும் மறுபடி மூழ்கி எழுந்து அதற்கு நீறிட்டார். பிறகே ஆற்றங்கரைப் புல்வெளியில் கூட்டத்தோடு விட்டார். நாள்தோறும் அது உதை வாங்கித் திரும்பியது.

"அண்ணே, உங்க சாமி நம்ம கரியாளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லக்கூடாதா?" என்று காளத்தி சிரித்தான்.

ஐயாறனாரும் சிரித்தார். ஆனால் வாசலில் நின்று அதையேதான் கேட்டார்.

சிவராத்திரிக்கு மறுநாள் கோயிலில் அடியார்களுக்குக் கோடி வேட்டி கொடுத்தார்கள், மார்பில் சந்தனம் பூசினார்கள். அதே கோலத்தில் ஐயாறனார் லாயத்துக்குள் நுழைந்தார். கரியாள் முகர்ந்தது. காதுகளைப் பின்னே மடித்தது. அவர் தோளைக் கடித்தது.

குட்டியாக இருந்தபோதிலிருந்து அவர் கையில் தின்று வளர்ந்த குதிரை அது.

"என்னையா?" என்றார். வலியைவிட வியப்பு மிகுதியாக இருந்தது.

வைக்கோலின் மேல் உட்கார்ந்து யோசித்தார். எழுந்து போய்ச் சந்தனத்தைத் துடைத்தார். குதிரைகளைத் துடைக்கும் துண்டை மேலே போர்த்திக்கொண்டு திரும்ப வந்தார். கரியாள் மீண்டும் முகர்ந்தது. காதுகள் தளர்ந்தன. அவர் மார்பில் மூக்கை வைத்துத் தள்ளியது.

ஐயாறனாருக்குப் புரிந்தது. அந்நியக் குதிரையின் மேல் கூட்டத்தின் வாசனை நாள்தோறும் சிறிது ஒட்டியது. அதைத் தாமே நாள்தோறும் கழுவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் அது முதல்நாள் வந்ததுபோலவே அவற்றின் முன் நின்றது.

இனி அதைக் கழுவக்கூடாது. அதைத் தொடுகிற தாமும் கழுவிக்கொள்ளக்கூடாது. நீராடாமல் வாசலுக்குப் போக முடியாது.

அன்று கோயில் இருந்த திசையில் திரும்பி நின்றார். "கொஞ்ச நாளு வரமாட்டேன். அது பட்டினி கிடக்குது. கோவிச்சுக்காதே" என்றார்.

பன்னிரண்டும் படுத்த வைக்கோலைப் புதியதற்குப் பரப்பினார். பன்னிரண்டின் வியர்வையையும் துடைத்த துண்டால் அதன் கழுத்தையும் முதுகையும் தேய்த்தார். மடியில் நீறு இல்லை. நெற்றியில் வெறும் விரலை வைத்தார்.

முதல் நாள் அவை துரத்தின, உதைக்கவில்லை. இரண்டாம் நாள் பத்தடி தள்ளி நிற்கவிட்டன. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் கரியாள் அதனிடம் வந்தது. கழுத்தை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு அங்கேயே குனிந்து மேயத் தொடங்கியது. புதியது சற்று நின்றது. அதுவும் குனிந்தது.

புல் அறுபடும் ஓசையை ஐயாறனார் கண்ணை மூடிக் கேட்டார்.

அப்போது வரப்பின் மேல் ஈசான பட்டர் வந்தார். கோயில் அர்ச்சகர். லாயத்துப் பக்கம் ஒருநாளும் வந்தவரல்லர்.

"மூணு நாளா உம்மைக் காணோமே?"

"குளிக்கலீங்க சாமி. தள்ளி நில்லுங்க."

பட்டர் நகரவில்லை. "கருவறையிலே குதிரை வாசனை, ஐயா. மூணு நாளா. நானும் பாலூத்திப் பாத்தேன், பன்னீரூத்திப் பாத்தேன். ஊத்த ஊத்த ஏறுதே தவிர இறங்கலே. எலி செத்துக் கிடக்குதோன்னு மூலை மூலையாத் தேடினேன். அது சாமி திருமேனியிலேருந்து வருது."

ஐயாறனார் தோளிலிருந்த துண்டைப் பட்டர் எடுத்தார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"வாரும். உள்ளே வந்து கும்பிடும்."

"ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன் சாமி."

"வேண்டாம். அவர் இன்னும் குளிச்சு முடிக்கலே. நீர் மட்டும் எதுக்கு?"

ஐயாறனார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பதின்மூன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. பிறகு பட்டரின் பின்னே நடந்தார்.

பசித்த உயிருக்காகத் தம் நியமத்தை விட்ட அந்த எளியவரின் கால்தூசு நம் தலைமேல் ஆகுக.