இனி வரக்கூடாது

குழந்தைகளின் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர் மருதவாணன். வயது ஐம்பதை நெருங்கியும், தன் ஆசிரியை டாக்டர் சலோமியின் முன் அவர் உட்கார்ந்து பேசியதில்லை. அன்றும் நின்றபடியேதான் நடந்ததைச் சொன்னார்.

காலையில் நாச்சியார் என்ற பெண் அவரிடம் வந்திருந்தாள். பத்து வயதில் அவருடைய வார்டில் சிகிச்சை பெற்று ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவள். இப்போது பத்தொன்பது. மாடி ஏறினால் மூச்சு இரைக்கிறது என்றாள். எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இதயம் பாதி பலத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அன்று புற்றுநோய்க்காக நரம்பில் ஏற்றி உயிரைக் காத்த சிவப்பு மருந்து, இத்தனை வருடமும் சத்தமில்லாமல் இதயத்தைத் தளர்த்தியிருந்தது. அவ்வப்போது எக்கோ எடுத்திருந்தால் மூச்சு இரைக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

இடையில் ஏன் வரவே இல்லை என்று அவர் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டார்.

"நீங்கதான சார், இனி இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு சொன்னீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் சொல்லியிருந்தார். அவள் குணமாகி வீட்டுக்குப் போன அன்று லட்டு கொடுத்து, தலையைத் தடவிச் சொல்லியிருந்தார். அதை வாழ்த்து என்றே நினைத்திருந்தார். அதற்குப் பிறகு அவளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

சலோமி குறுக்கிடாமல் கேட்டார். மாத்திரை தொடங்கியாயிற்றா என்று மட்டும் விசாரித்தார். தொடங்கியாயிற்று; தேற வாய்ப்பு உண்டு.

"நாளைக்கு அவ முகத்துல எப்படி மேடம் முழிப்பேன்?"

"வேற யார்கிட்டயெல்லாம் அப்படிச் சொன்ன?"

"எல்லார்கிட்டயும்தான் மேடம்" என்றார் மருதவாணன். குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு குழந்தையிடமும் சொல்லியிருந்தார்.

சலோமி, அதே சிவப்பு மருந்து ஏற்றிய குழந்தைகளின் பழைய கோப்புகளை வரவழைத்தார். மேலே இருந்ததைப் பிரித்து வைத்து, தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஜமீலா. எட்டு வயதில் வீடு திரும்பியவள். அவளே எடுத்தாள். பேரைச் சொன்னதும் கண்டுகொண்டாள். கல்லூரிக் கைப்பந்து அணியில் ஆடுகிறாளாம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லையாம். தொழுகையில் சாருக்காகவும் துஆ செய்கிறாளாம்.

மருதவாணனுக்குக் காது சுட்டது.  ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"நல்லா இருக்கா மேடம். இவளைப் போய் எப்படிப் பயமுறுத்துறது?"

"நல்லா இருக்காளா? அப்ப நேரத்தோடதான் கூப்பிட்டிருக்க" என்றார் சலோமி. "எக்கோ எடுக்க வரச் சொல்லு."