எருமை மேலே உட்கார்ந்த ஆத்மா

கடலுக்கு அந்தப் பக்கம், பிலிப்பைன்ஸ் தீவுகளோட வடகோடியிலே இலோக்கோஸ்னு ஒரு சீமை. அங்கே புகையிலை விளையற ஒரு ஊரிலே மரிங்னு ஒருத்தி, புருஷனை இழந்தவ, பிள்ளைங்களோட இருந்தா. அவளுக்குன்னு இருந்தது ஒரே எருமை. அது உழுதாத்தான் வீட்டிலே சோறு.

அந்த ஊர்க்காரங்க ஒரு இடத்தை விட்டுக் கிளம்பினா, "வா வா, பின்தங்கிடாதே"ன்னு தன் ஆத்மாவைக் கூப்பிடணும். மறந்தா அது அங்கேயே தங்கிடும், உடம்பு படுத்துடும். சிரிக்காதீங்க, பூனை குறுக்கே போனா வீட்டுக்குத் திரும்பித் தண்ணி குடிக்கிறவங்கதானே நாம!

அங்கே இத்தோங்னு ஒரு ஆவிக்காரன். செத்தவங்க அவன்கிட்டே மட்டும்தான் பேசுவாங்களாம். செத்த கிழவன் கோழி கேட்டான், கோழி போச்சு. செத்த கிழவி பன்னி கேட்டா, பன்னி போச்சு. ஊரெல்லாம் காய்க்கிற பாகற்காயை மட்டும் ஒரு ஆவியும் கேட்டதில்லே!

ஒரு நாள் காலையிலே மரிங் வாசல்லே வந்து நின்னான். "உன் புருஷன் எருமை கேக்கறான்."

"உயிரோட இருந்தப்ப அதுக்குத் தண்ணி காட்டச் சொன்னாலே எரிஞ்சு விழுவாரு. இப்ப என்னய்யா திடீர்ப் பாசம்?"

"கேலியா? தரலேன்னா உன் பிள்ளைங்களைப் படுக்கையிலே தள்ளிடுவான்!"

வேலியோரம் ஊரே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. மரிங் கயித்தை அவிழ்த்துக் கொடுத்தா. கொழுத்த எருமை கிடைச்ச குஷியிலே அவன் விறுவிறுன்னு கிளம்பிட்டான்.

"அய்யா, ஆத்மாவைக் கூப்பிடலியே?"ன்னா மரிங்.

இத்தோங் சட்டுன்னு திரும்பிக் கூவினான். "வா வா, பின்தங்கிடாதே!" கயித்தை இழுத்தான், எருமை நகரலே. மறுபடி கூப்பிட்டான், எருமை தலையை ஆட்டுச்சு. இன்னொரு தடவை கூப்பிட்டான், எருமை படுத்தே போச்சு.

"உங்க ஆத்மா எருமை மேலே உட்கார்ந்துக்கிட்டு வரமாட்டேங்குதுய்யா. நீங்க தின்ன கோழி, பன்னிக்கெல்லாம் ஈடு கொடுத்தாத்தான் இறங்குமாம்."

"உனக்கெப்படிடி கேக்கும்?"

"செத்தவங்க உங்ககிட்டே பேசறப்ப, உங்க ஆத்மா என்கிட்டே பேசக்கூடாதா?"

பொய்னு சொன்னா அவன் பிழைப்பே பொய். நிஜம்னு சொன்னா அவன் பட்டி காலி. வேலியோரத்துக் கிழவன் ஒருத்தன் குரல் கொடுத்தான்: "முட்டையிடற கோழியாப் பார்த்துக் கொடுப்பா. உன் ஆத்மா நல்லாயிருக்கட்டும்!"

வீடு வீடாக் கொடுத்து, பட்டியைக் காலி பண்ணி, வெறுங்கையோட மரிங் வாசலுக்கு வந்தான். "இறங்கிடுச்சா?"

"அப்பவே இறங்கிடுச்சு. எருமையை விட்டுட்டு, பாகற்காய் பறிச்சுக்கிட்டுப் போகச் சொல்லுச்சு."

அன்னையிலிருந்து அந்த ஊர் ஆவிங்க எல்லாம் பாகற்காய்க்குப் பழகிடுச்சுங்க.

கதை முடிஞ்சது, எழுந்திருங்க. அவங்கவங்க ஆத்மாவைக் கூப்பிட்டுக்கிட்டுப் போங்க. இங்கே விட்டுட்டுப் போனா என்னாலே சோறு போட முடியாது.