வேலிக்கு அப்பால் கேட்ட குரல்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில் ஒரு கௌதாரி தன் குஞ்சுகளோடு இருந்தது. மூத்த குஞ்சுக்குக் கால் நல்ல சிவப்பு. அதனால் செங்காலி என்று பெயர்.

கறையான் புற்றெல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு புழு கிடைத்தால் அதைப் பங்கு போட ஒரு சண்டை. அந்த நேரம் பார்த்து மைனா வந்தது.

மைனாவுக்கு எல்லார் பேச்சும் வரும். கௌதாரியிடம் கௌதாரியைப் போலவே பேசும். முயலிடம் முயலைப் போலவே பேசும். ஆகவே எந்தப் புதருக்குப் போனாலும் அதற்கு உட்கார இடம் கிடைக்கும்.

"என்னக்கா, பிள்ளைங்க இப்படி எலும்பா நிக்குது?" என்றது மைனா. "வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். கம்பு கொட்டிக் கிடக்கு, பொறுக்க ஆளில்லை. மூத்தவளை அனுப்பு."

"அங்கே அவளுக்கு யார் இருக்கா?"

"நான் இல்லையா? என்னைப் பார்த்தா வேத்தாளாத் தெரியுதா?"

"மழை வந்ததும் திரும்பிடுவாளா?"

"முதல் தூறலுக்கு உன் முன்னால நிப்பா. இஷ்டம் இல்லேன்னா சொல்லு, அடுத்த புதர்க்காரி மகளைக் கூட்டிட்டுப் போறேன்."

இந்தக் கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. செங்காலியும் சந்தோஷமாகவே கிளம்பியது. "அழாதீங்கடா, போனதும் ஒரு சத்தம் கொடுக்கிறேன்," என்று தம்பி தங்கைகளிடம் சொல்லிவிட்டுப் போனது.

கௌதாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. ஒன்று கூப்பிட்டால் மற்றவை பதில் கொடுத்துக்கொண்டே அந்தக் குரலை நோக்கி ஓட வேண்டும். ஏன், எதற்கு என்று நின்று யோசிக்கக் கூடாது. பருந்துக்குப் பயந்து சிதறிய குஞ்சுகள் அப்படித்தான் மறுபடி ஒன்று சேரும்.

வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த முயல் எல்லாவற்றையும் பார்த்தது. அந்தப் பக்கம் தோட்டமும் இல்லை, கம்பும் இல்லை. ஒரு வேடன் உட்கார்ந்திருந்தான். செங்காலியைப் பிடித்துக் கூண்டில் அடைத்தான். மைனாவின் முன்னால் ஒரு கை அத்திப்பழம் வைத்தான். மைனா அவசரமே இல்லாமல் தின்றது.

முயல் வளைக்குள் வந்து ஒடுங்கிக்கொண்டது. "இந்தக் காட்டிலேயே பச்சையா இருக்கிறது அந்த வேலியோரம் ஒண்ணுதான். நான் வாயைத் திறந்தா மைனா என் வளையைக் காட்டிக் கொடுத்துடும். எனக்கெதுக்கு வம்பு?"

மழை வந்தது. செங்காலி வரவில்லை.

தாய்க் கௌதாரி மைனாவைத் தேடிப் பிடித்துக் கேட்டது. "வயிறு நிறைஞ்சதும் உன்னை மறந்துட்டா. அதுக்கு நான் என்ன செய்ய?" என்று மைனா சிறகைக் கோதிக்கொண்டது.

கௌதாரி அழுதுகொண்டே மயிலிடம் ஓடியது. காட்டுக்குப் பெரியவர் என்று பெயர். வேலை என்னவோ தோகையை உலர்த்துவதுதான்.

"எவன் கூடப் போனாளோ! பொண்ணை அடக்கி வளர்க்கத் தெரியலை, நியாயம் கேட்க மட்டும் வந்துட்டே," என்றது மயில். "தள்ளி நில்லு, தோகையில சேறு படுது."

முயல் பக்கத்தில்தான் நின்றது. கௌதாரி அதனிடம் திரும்பியது. "தங்கச்சி, நீ தினமும் வேலியோரம் போறவ. என் பொண்ணைப் பார்த்தியா?"

"நானா? நான் குனிஞ்ச தலை நிமிராம மேயறவ, அக்கா," என்றது முயல்.

வேடன் செங்காலியைக் கொல்லவில்லை. அவனுக்கு வேண்டியது அதன் குரல். கூண்டைச் சுற்றி வலையை விரித்துவிட்டுக் காத்திருந்தான். கூப்பிட்டால் யார் ஓடி வருவார்கள் என்று செங்காலிக்குத் தெரியாதா? அலகைத் திறக்கவே இல்லை. வேடன் தண்ணீரை நிறுத்தினான். இறகுகளைப் பிடுங்கினான். அது எவ்வளவோ தாங்கிப் பார்த்தது. கடைசியில் ஒரு காலை, தாகம் பொறுக்காமல், தன்னை அறியாமல், "அம்மா!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்துவிட்டது.

"என் பொண்ணு! என் பொண்ணேதான்!" தாய் பதில் கொடுத்துக்கொண்டே ஓடியது. குஞ்சுகள் அதையும் முந்திக்கொண்டு ஓடின. வழியில் முயல் நின்றது. வாயைத் திறந்தது. மூடிக்கொண்டது.

"வராதீங்க! அம்மா, திரும்பிப் போ!" என்று செங்காலி கூண்டில் தலையை மோதிக்கொண்டு கத்தியது.

தாய்க்கு நன்றாகவே கேட்டது. ஆனால் குஞ்சுகள் வலைக்குள் போய்விட்டன. குஞ்சுகளை விட்டுவிட்டு எந்தத் தாய் திரும்புவாள்? தானும் உள்ளே போனது. வேடன் கயிற்றை இழுத்தான்.

அடுத்த மழைக்குள் முயலின் வளையிலும் மூத்த குட்டியைக் காணவில்லை.

"மைனா சித்தி வந்தாங்கம்மா," என்றது சின்னக் குட்டி. "நம்மளை மாதிரியே பேசினாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் கிழங்கு இருக்காம். அப்புறம் வந்து என்னையும் கூட்டிட்டுப் போறாங்களாம்."

முயல் காடெல்லாம் ஓடியது. "மைனா சொல்றதெல்லாம் பொய்! அங்கே வேடன் இருக்கான், கூண்டு இருக்கு! முள்ளம்பன்றி அண்ணா, நீ ஒரு கடி கடிச்சா கூண்டு உடைஞ்சிடும். வா அண்ணா!"

"இது உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

முயல் தலை குனிந்தது.

"கௌதாரி வாசல் வாசலா அழுதாளே, அப்போ இந்த வாய் எங்கே போச்சு? எனக்கெதுக்கு வம்பு?" என்று முள்ளம்பன்றி வளைக்குள் நுழைந்து, முள்ளை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது.

மான் நகர்ந்து போனது. மயில் காதில் விழாத மாதிரி நின்றது. அத்திமரத்தில் மைனா பாடிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் செங்காலியின் குரல் மறுபடி கேட்டது. இப்போதெல்லாம் அதைக் கூப்பிட வைக்க வேடன் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்த புதர்க்காரி, பதில் கொடுத்துக்கொண்டே, குஞ்சுகளோடு ஓடத் தொடங்கினாள்.

நீதி: அடுத்த வீட்டுப் பிள்ளையை ஒருவன் விற்பதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டவர், தன் பிள்ளையை அவன் விற்கும்போது கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது.