ஒற்றைக்கால் கடற்படை

அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஒரு பெரிய காயல் இருந்தது. அந்தக் காயலுக்கு ஒரு கடற்படை இருந்தது. படை தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குத் தளபதி, மாசிலாமணி என்னும் நீர்நாய்.

அதற்கு முன்பு காயலைக் காவல் காத்தவை பூநாரைகள். எங்கிருந்தோ பறந்து வந்து வெகுகாலம் அதிகாரம் செய்தன. மாசிலாமணி அவற்றிடம் இறால் பிடித்துக் கொடுக்கும் எடுபிடியாகத்தான் சேர்ந்தது. பிறகு காவல்காரன் ஆனது. பிறகு அணித்தலைவன் ஆனது. சொன்னதைச் செய்யும், ஏன் என்று மட்டும் கேட்காது. அப்படிப்பட்டவர்களுக்குப் பதவி உயர்வு கேட்காமலேயே வந்துவிடும்.

ஒருநாள் பூநாரைகள், "இந்த வெயில் எங்களுக்கு ஒத்துக்கலை. இனிமே இது உங்க காயல், உங்க படை!" என்று சொல்லிவிட்டுப் பறந்து போயின.

காயலில் ஒரே கொண்டாட்டம். மாசிலாமணி தளபதியானது. வாத்துகளும் ஆமைகளும் நண்டுகளும் படையில் சேர்ந்தன.

"நம்ம படை சின்னப் படைதான்! ஆனா ஒழுங்குல பூநாரைப் படைக்கு ஒரு மயிரிழைகூடக் குறையக் கூடாது!" என்று தளபதி முழங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். கை இல்லாதவர்கள் வாலைத் தட்டினார்கள்.

பூநாரைகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உச்சிவெயில் நேரத்தில் வரிசையாக நிற்கும். ஒரு காலை மடக்கிக்கொள்ளும். தலையைச் சிறகுக்குள் செருகிக் கண்ணை மூடிக்கொள்ளும். கடற்படையின் மிகப் பெரிய மரியாதை அணிவகுப்பு இதுதான் என்று மாசிலாமணி முடிவு கட்டியது. உண்மையில் அவை சாப்பிட்டுவிட்டுத் தூங்கின. அதை யாரும் கேட்கவில்லை, அவையும் சொல்லவில்லை.

ஆக, புதிய படைக்கும் தினமும் அதே அணிவகுப்பு. வாத்துகளுக்குச் சிரமம் இல்லை. ஆமைகள் ஒற்றைக்காலில் நின்றால் கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தவர்களை நிமிர்த்துவதற்கென்றே நண்டுகளில் ஒரு தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. தளபதி மூன்று கால்களை மடக்கி ஒரு காலில் நின்றது. அப்படி நிற்பதற்கு அது எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

காயல் நடுவில் ஒரு மணல்திட்டு இருந்தது. அங்கே செங்கமலம் என்னும் நீர்க்கோழி கூடு கட்டி, ஐந்து முட்டை இட்டு அடைகாத்துவந்தது. கரையில் ஒரு நரி இருந்தது. காயலின் காவல் படை தினமும் உச்சி வேளையில் கண்ணை மூடிக்கொள்கிறது என்பது அதன் கண்ணில் பட்டுவிட்டது. அப்புறம் என்ன! இடுப்பளவுத் தண்ணீரில் நிதானமாக நடந்து வந்து முட்டை தின்னத் தொடங்கியது.

செங்கமலம் தளபதியிடம் ஓடி வந்தது.

"ஐயா, இது உங்களுக்கே நல்லா இருக்கா? நீங்க கண்ணை மூடுற நேரம் பாத்து நரி வருது! மூணு முட்டை போச்சு!"

"அடடா! ஆனா அது அணிவகுப்பு நேரமாச்சே, அம்மா. நடுவுல விட்டா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? முளைச்சு மூணு இலை விடலை, அதுக்குள்ள ஒழுங்கு போச்சுன்னு சொல்லுவாங்க!"

"யாரு சிரிக்கப்போறா? எல்லாருந்தான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறீங்களே!"

"இது படை விஷயம். உங்களுக்குப் புரியாது."

"என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டுவிட்டுச் செங்கமலம் அழுதுகொண்டே போனது.

மாசிலாமணிக்கு அன்று இரை இறங்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆயுள் முழுக்கக் கற்ற வித்தை அந்த ஒற்றைக்கால்தான். அதை விட்டால் தான் யார் என்று அதற்குத் தெரியவில்லை.

மறுநாள் உச்சி வேளை. படை வரிசையாக நின்று கண்ணை மூடியது. நரி தண்ணீரில் இறங்கியது.

"வணக்கம் வீரர்களே! அப்படியே நில்லுங்க, ரொம்ப அழகா இருக்கு!" என்றது நரி.

ஓட்டுக்குள்ளிருந்து துணைத்தளபதி ஆமை முணுமுணுத்தது: "யாரோ பெரிய மனுஷர் பாராட்டுறார், ஐயா."

தளபதிக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது.

அப்போது திட்டிலிருந்து செங்கமலத்தின் குரல் கேட்டது. "கிட்ட வந்து பாரு! கண்ணைக் கொத்திடுவேன்!"

அது படையைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று அதற்குத் தெரிந்துபோயிருந்தது. மாசிலாமணிக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

அணிவகுப்பில் முதன்முறையாகத் தளபதி ஒரு கண்ணைத் திறந்தது. செங்கமலம் முட்டைகளின் மேல் படுத்திருந்தது. நரியின் வாயில் அதன் இறக்கை இருந்தது. மாசிலாமணி மடக்கிய கால்களை எல்லாம் கீழே ஊன்றியது. ஒரே பாய்ச்சல்! நரியின் பின்னங்காலைக் கவ்வி ஆழத்துக்கு இழுத்தது.

"ஐயோ! நீங்க தூங்கலையா?" என்று அலறியது நரி.

"தூக்கமா? அது மரியாதை அணிவகுப்பு!"

"எங்க காட்டுல அதுக்குப் பேரு தூக்கந்தாங்க!"

தளபதி நரியை இன்னும் இரண்டு முறை முக்கி எடுத்துவிட்டுக் காலை விட்டது. வயிறு நிறைய உப்புத் தண்ணீரோடு நரி கரையேறி, நொண்டிக்கொண்டே காட்டுக்குள் ஓடியது.

திரும்பிப் பார்த்தால் படை அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"கண்ணைத் திறங்க!" என்று கத்தியது தளபதி.

"அப்படி ஒரு உத்தரவு நம்ம விதியிலயே இல்லையே, ஐயா?" என்றது ஆமை.

"இப்ப இருக்கு! திற!"

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். செங்கமலத்தின் இறக்கையில் ரத்தம் வழிந்தது. அதன் கீழே இரண்டு முட்டைகள் பத்திரமாக இருந்தன. மாசிலாமணி தலை குனிந்தது.

"அம்மா, தப்பு முழுக்க என்னோடது. மன்னிச்சிடுங்க. எங்க படை மொத்தமும் உங்களுக்கு மரியாதை செலுத்தும்!"

சொன்னதுதான் தாமதம், படை முழுவதும் ஒரு காலைத் தூக்கியது. தளபதியின் காலும் பழக்கத்தில் பாதி எழும்பியது.

"ஐயா சாமி! உங்க மரியாதையும் வேணாம், மன்னிப்பும் வேணாம். முதல்ல காலைக் கீழே வையுங்க!" என்றது செங்கமலம். "நாளைக்கு உச்சி வேளையில காவலுக்கு யார் வர்றீங்க? அதைச் சொல்லுங்க, போதும்."

"நான் வர்றேன்," என்றது தளபதி.

முன்னே போனவர் செய்ததை ஏன் என்று கேட்காமல் அப்படியே செய்துகொண்டிருப்பவர், தாம் காக்க வந்ததைக் காக்கத் தவறிவிடுவார்.