உச்சியில் ஒரு வேலி

“எல்லோரும் குதிக்கிறார்கள், ஆசிரியரே” என்றான் போவென்.

தைப்பேயில் கணினி விளையாட்டுகள் புதிதாக வந்துகொண்டிருந்த காலம். வாள்வீரன் ஒருவனை வைத்துத் தன் முதல் விளையாட்டைச் செய்து முடித்திருந்தான் அவன்.

சூஹுவா பத்திரிகைகளில் வாள்வீரர் தொடர்கதை எழுதுகிறவர். அவனைவிட வயதில் இளையவர். கதை சொல்ல அவரிடம்தான் கற்றான். இன்று தன் வேலை அறைக்கு அவரை அழைத்திருந்தான்.

“எங்கிருந்து குதிக்கிறார்கள்?”

“மலை உச்சியிலிருந்து. எதிரிகள் துரத்துவார்கள். தப்பிக்கப் பாலம் இருக்கிறது, கண்ணுக்கு முன்னாலேயே. விளையாடிப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே போய்ப் பள்ளத்தில் விழுகிறார்கள்.”

“விழுந்தால்?”

“சாவுதான். ஆட்டம் முடிந்தது. அப்புறம் என்னை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள்.”

“பாவம்.”

“உங்களைத்தான் திட்ட வேண்டும். உங்கள் கதைகளில் விழுந்தவனை என்றைக்குச் சாகவிட்டீர்கள்? கீழே ஒரு குகை, குகைக்குள் ரகசிய வாள்வித்தைச் சுவடி. ஊரையே கெடுத்து வைத்திருக்கிறீர்கள்.”

சூஹுவா சிரித்தார். “நீயும் ஒரு குகை வைப்பதுதானே?”

“விளையாட்டைப் பதியும் கணினி வட்டில் இடமில்லை. நாளைக்குப் பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும். உச்சியில் வேலி போடப்போகிறேன். மரவேலியா, கல்சுவரா? அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். இது தோற்றால் எனக்கு இன்னொரு விளையாட்டு கிடையாது.”

“விளையாடு, பார்க்கிறேன்.”

அவன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். திரையில் எதிரிகள் வந்தார்கள். வீரன் உச்சிக்கு ஓடினான், திரும்பினான், பாலத்தைக் கடந்தான்.

“நீ ஏன் குதிக்கவில்லை?”

“கீழே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியுமே.”

“இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. கதை செய்தவன் கைவிட்டுவிட மாட்டான் என்று...”

போவெனின் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன.

பாலத்துக்கு அப்பால் வீரன் தனியாக நின்றுகொண்டிருந்தான். சூஹுவா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி, மரவேலியா, கல்சுவரா?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு குகைக்கு இடம் கிடைக்கும்” என்றான்.