முதல் பெயருக்கு முன்னால் ஒரு கமா

குருவுக்கு வயது இருபத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. சிரிக்காதீர்கள், கம்ப்யூட்டர் வந்த அச்சகத்தில் அப்படித்தான். குரு பர்வீன், பாளையங்கோட்டை அச்சகம் ஒன்றில் புத்தகப் பக்கங்களை வடிவமைப்பவள். சீடர் அருளப்பன், அங்கேயே பிழை திருத்துபவர். ஒரே வேலையைக் கம்ப்யூட்டரே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மேக்ரோவை எழுத அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஆசிரியர் சங்கத்தின் பெயர்ப் புத்தகம். இறந்துபோனவர்களின் பட்டியலை, பெயருக்குப் பெயர் நடுவில் கமா போட்டு, அருளப்பனே அடித்திருந்தார். புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு பெயரையும் மேக்ரோ அந்தப் பட்டியலில் தேடும்; கிடைத்தால் அதைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டுவிடும்.

நாலு மணிக்கு மெஷினில் ஏற வேண்டும். மூன்றே காலுக்கு அருளப்பன் அலறினார்.

"குருவே, குடி கெட்டது! செல்வி டீச்சருக்குக் கட்டம் விழுந்திருக்கு. காலையிலதான் மார்க்கெட்ல கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிட்டு நின்னாங்க!"

"பட்டியல்ல அவங்க பேரு இருக்கா?"

"சத்தியமா இல்ல."

பர்வீன் பட்டியல் தாளை எடுத்தாள். கலைச்செல்வி என்ற பெயரின் முன்பாதியைக் கட்டைவிரலால் மூடினாள்.

"இப்ப என்ன தெரியுது அண்ணாச்சி?"

"செல்வி." நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி மெஷினே!"

"பேரு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அதுக்கு யாரு சொன்னா? ரெண்டு பக்கமும் கமாவோட சேர்த்துத் தேடச் சொல்லுங்க."

இரண்டு தடவை தப்பாகி, மூன்றாவதில் ஓடியது. செல்வி டீச்சர் பிழைத்துக்கொண்டார். அப்பாடா என்று டீயை எடுத்தவருக்கு அது வாய்க்குப் போகவில்லை.

பட்டியலின் முதல் பெயர் அமலி, கடைசிப் பெயர் ராஜபாண்டி. இரண்டு பேருக்கும் கட்டம் போயிருந்தது. முதல் பெயருக்கு முன்னால் கமா இல்லை, கடைசிப் பெயருக்குப் பின்னால் இல்லை. ஆளுக்கு ஒன்று போட்டால் தீர்ந்தது. அது அவருக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் விரல் போகவில்லை.

மணி மூன்றே முக்கால்.

"போடுங்க அண்ணாச்சி. மெஷின்காரர் வந்துருவார்."

"குருவே, இதை இப்படியே விட்டுட்டா என்ன?"

"ஏன்?"

"அமலி என் வீட்டுக்காரி. போன பங்குனியில போயிட்டா. முதல்ல அவ பேரைத்தான் அடிச்சேன். இப்பப் பாருங்க, கட்டமே இல்லாம நிக்கிறா."

பர்வீன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ராஜபாண்டி வீட்லயும் இந்தப் புத்தகத்தைப் பிரிப்பாங்க அண்ணாச்சி."

அருளப்பன் ராஜபாண்டிக்குப் பின்னால் ஒரு கமா போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அமலிக்கு முன்னால் ஒன்று.